வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு முதலில் பிரிண்டர், பிறகுதான் டெப்

"பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போகிறோம், எந்த டெப் வாங்கலாம்?" காத்தான்குடியில் கேட்டாலும் களுவாஞ்சிக்குடியில் கேட்டாலும் அக்கரைப்பற்றில் கேட்டாலும் கேள்வி இதுதான். டெப்பை மூன்றாவதாக வாங்குங்கள் என்பது எங்கள் பதில். முதலாவது, மைத் தாங்கி (போத்தலால் மை ஊற்றும் தொட்டி) உள்ள பிரிண்டர். இரண்டாவது, கரண்ட் போனாலும் ரௌட்டர் அணையாமல் பார்த்துக்கொள்ளும் சின்னப் பற்றரிப் பெட்டி. இந்த இரண்டும் இருக்கிற வீட்டில் பழைய லெப்டொப் ஒன்றும் போதும். இரண்டும் இல்லாத வீட்டில் புத்தம் புதிய டெப் இரண்டே மாதத்தில் கார்ட்டூன் பெட்டியாகிவிடும்.

இந்த மதிப்பீடு தமிழ்மொழி மூலம் இலங்கையின் அரச பாடத்திட்டத்தைப் படிக்கும் தரம் 1 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கானது. முழுநேரமும் வீட்டில் படிக்கிறவர்களுக்கும், நோயினாலோ தூரத்தினாலோ சில மாதங்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கும், பாடசாலைக்குப் போய்வந்து மாலையில் அம்மாவிடம் படிக்கிறவர்களுக்கும் இந்தப் பொருட்கள் பொருந்தும். ஒன்றை மட்டும் முதலில் சொல்லியாக வேண்டும். கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 5 இலிருந்து 16 வரை. ஆகவே பாடசாலையிலிருந்து பிள்ளையை முழுதாக எடுக்க நினைப்பவர்கள், பொருள் வாங்கக் கடைக்குப் போகுமுன் தங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் பேசுங்கள். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்று மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து வலயங்கள். அம்பாறைப் பக்கம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில் தமிழ்மொழிப் பாடசாலைகள் அதிகம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆனால் சங்கீதம், நடனம் போன்ற அழகியல் பாடங்களுக்குச் செய்முறைப் பரீட்சையும் உண்டு. அதைக் கடைசி வருடத்தில் யோசித்தால் பிந்திவிடும்.

பாடநூலிலிருந்து தொடங்குவோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரங்களின் பாடநூல்களும் மூன்று மொழிகளிலும் பீடிஎப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுக் கல்விக்குத் தொழில்நுட்பம் தந்த மிகப் பெரிய உதவி எதுவென்று கேட்டால், எந்தத் தயக்கமும் இன்றி இதைத்தான் சொல்வோம். தரம், மொழிமூலம், நூல் என்று தெரிவுசெய்து இறக்குங்கள். இறக்கியதும் கோப்பின் பெயரை மாற்றுங்கள்: "தரம் 8 கணிதம் அலகு 03" என்ற மாதிரி. இறங்கியபோது இருந்த பெயரிலேயே விட்டால் மூன்று மாதத்தில் முப்பது கோப்புகளுக்குள் எது எதுவென்று தெரியாமல் போகும். முன்பக்கத்தில் பதிப்பு ஆண்டையும் பாருங்கள். யாரோ பென் டிரைவில் தந்த பழைய பதிப்பை வைத்து ஒரு தவணை முழுக்கப் படித்த பிள்ளைக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத அலகு தெரிந்திருக்கும், இருக்கிற அலகு தெரிந்திராது.

பீடிஎப் உள்ளே ஒரு சொல்லைத் தேடி அது அகப்படாவிட்டால் உங்கள் கருவியில் பிழை இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த நூலில், திரையில் தெரிவது தமிழ் என்றாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறிகள்தான். யுனிகோட் தமிழில் தேடினால் அது எப்படி அகப்படும்? அப்படிப்பட்ட நூலிலிருந்து ஒரு பந்தியை வெட்டி ஒட்டினாலும் குப்பைதான் வரும். தேவையான பக்கத்தின் எண்ணைக் கொப்பியில் குறித்துவைப்பதே சுருக்கமான வழி.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இலவசந்தான். தரம் தரமாக, பாடம் பாடமாகப் பிரித்து, மூன்று மொழியிலும் இருக்கிறது. பாடநூலுக்குத் துணையாக அதை வையுங்கள், பாடநூலின் இடத்தில் வைக்காதீர்கள்.

இனிப் பிரிண்டர். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழையாக வாங்கினால் மிச்சப் பணம் எல்லாம் இதிலேயே போய்விடும். மைத் தோட்டா (காட்ரிஜ்) மாற்றும் மலிவு பிரிண்டரை வாங்க வேண்டாம். பிரிண்டர் மலிவாக இருக்கும், தோட்டாவின் விலை ஆளைத் தின்னும். லேசர் பிரிண்டர் அழகாக அடிக்கும், மை காயாது. ஆனால் அதன் சூடாக்கும் பகுதி நூற்றுக்கணக்கான வாற்று இழுக்கும், சின்ன இன்வேட்டரில் ஓட்ட முடியாது. கறுப்பு மட்டுமே அடிக்கிற வீட்டுக்கு, கரண்ட் ஒழுங்காக இருக்கிற இடத்தில், லேசர் நல்லது. மற்ற எல்லோருக்கும் மைத் தாங்கி உள்ளதே சரி.

எப்சன் எல்3210 ஐ எடுத்துக்கொள்வோம். அடிக்கும், ஸ்கேன் செய்யும், கொப்பி எடுக்கும். 003 என்ற மைப் போத்தல். 65 மில்லிலீற்றர் கறுப்புப் போத்தல் ஒன்றுக்கு 4,500 பக்கம் என்று நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கு மெல்லிய எழுத்து மட்டும் உள்ள பரிசோதனைத் தாளுக்கானது. எங்கள் பாடநூலின் பக்கங்களில் நிறப் பெட்டிகளும் படங்களும் நிறைய இருப்பதால், கறுப்பு வெள்ளையில் அடித்தாலும் அந்தப் பெட்டிகள் சாம்பல் நிறமாகி மையைக் குடிக்கும். அந்த எண்ணில் பாதி வந்தாலும் நல்லது என்று கணக்கு வையுங்கள். எல்3210 இல் வைபை கிடையாது, யூஎஸ்பி வயர் மட்டுந்தான். போனிலிருந்தோ டெப்பிலிருந்தோ நேராக அடிக்க விரும்பினால் வைபை உள்ள எல்3250 தேவை. கடைக்காரர் இரண்டையும் "ஒரே சாமான்" என்று சொல்லித் தந்தாலும் பெட்டியில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். மை ஒன்றேதான், வித்தியாசம் இந்த வைபையில். இரண்டுமே தானாகத் தாளைத் திருப்பி மறுபக்கம் அடிக்காது.

தாள் கணக்கு இப்படி. 200 பக்கப் பாடநூலை ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு இரண்டு பக்கமாக, இருபுறமும் அடித்தால் 50 தாள். 500 தாள் கட்டு ஒன்றில் பத்து நூல். எழுத்து சிறிதாகும், தரம் 6 க்கு மேல் வாசிக்கலாம். தரம் 1 முதல் 3 வரை அப்படிச் செய்யாதீர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தின் பருமனே பாடம். உண்மையில் முழு நூலையும் அடிக்கத் தேவையில்லை. விளக்கத்தைத் திரையில் வாசிக்கலாம். பயிற்சிகள், செயற்பாட்டுத் தாள்கள், கடந்தகால வினாத்தாள்கள் ஆகியவற்றை மட்டும் தாளில் கொடுங்கள். திரையைப் பார்த்துக் கொப்பியில் கணக்குச் செய்கிற பிள்ளை வினாவைப் பிழையாக எழுதியெடுக்கும், பிறகு விடை ஏன் பிழைத்தது என்று அரை மணித்தியாலம் தேடுவோம். தாளில் இருந்தால் வினாவுக்குக் கீழேயே கோடு கீறி, வட்டம் போட்டு, முக்கோணியின் பக்கத்தில் அளவைக் குறித்துச் செய்யும்.

இருபுறம் அடிக்க முதலில் ஒற்றைப் பக்கங்களை அடித்து, கட்டைத் திருப்பி வைத்து இரட்டைப் பக்கங்களை அடிக்க வேண்டும். எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். முதல் தடவை நான்கே பக்கத்தில் செய்துபாருங்கள்: வெறுந்தாளின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடித்தால், தாள் எந்தப் பக்கம் பார்த்து வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும். இங்கே பெரும்பாலும் பிழைப்பது மழைக்காலத்தில். கார்த்திகை தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு வருகிற ஈரத்தில் தாள் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டும். பிரிண்டர் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். அந்த இடத்திலிருந்து பக்க ஒழுங்கு முழுக்க மாறி, 12 ஆம் பக்கத்துக்குப் பின்னால் 15 வந்துநிற்கும். கட்டைப் பொலித்தீன் உறையில் இறுக்கிச் சுற்றி அலுமாரியில் வையுங்கள். ஒரே தடவையில் இருபது முப்பது தாளுக்கு மேல் போடாதீர்கள், போடுமுன் விசிறிப்போல விரித்துவிடுங்கள்.

மைப் பிரிண்டரின் தலையில் உள்ள நுண்துளைகள் காய்ந்து அடைபடுவது அடுத்த வருத்தம். பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான் தலை மூலையில் உள்ள மூடிக்கு மேல் போய் அமரும். சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டினால் தலை இடையில் நின்றபடியே திறந்து கிடந்து காயும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் இதுவே நடக்கும். ஆகவே கரண்ட் வந்ததும் ஒருமுறை போட்டு, அது தன் இடத்துக்குப் போனபின் பொத்தானால் அணையுங்கள். கிழமைக்கு ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடியுங்கள், பிள்ளைக்கு ஒரு நிறப்படம் கொடுத்தது மாதிரியும் இருக்கும். கோடு விழுந்தால் தலைச் சுத்திகரிப்பை மூன்று தடவைக்கு மேல் அடுத்தடுத்துச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு சுத்திகரிப்பும் நல்ல மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. அணைத்துவிட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பல அடைப்புகள் தாமாக இளகியிருக்கும். தாங்கியில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள், குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் வேலை பெரிதாகும். ஓட்டோவில் கொண்டுபோவதென்றால் மடியில் சமமாக வைத்துக் கொண்டுபோங்கள், சரித்தால் மை கசியும்.

பிரிண்டர் வாங்க இப்போது முடியாதவர்கள் வருந்த வேண்டாம். பக்கத்துக் கொமியூனிகேசன் கடையில் கிழமைக்கு ஒருநாள் பென் டிரைவோடு போய் அடுத்த ஐந்து நாளுக்குரிய பயிற்சிகளை மொத்தமாக அடித்து வாருங்கள். முக்கியம் தாள்தான். அதை அடித்த இயந்திரம் யாருடையதாக இருந்தாலென்ன.

வீடியோப் பாடங்களுக்கு வருவோம். இங்கேதான் பெற்றோர் பலர் அறியாமல் அகப்படுகிறார்கள். யூடியூப்பில் தமிழில் "விஞ்ஞானம்" தேடினால் மேலே வருபவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல ஆசிரியர்கள், அழகான படங்கள், தெளிவான தமிழ். ஆனால் கலைச்சொல் வேறு. ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்பார்கள், கலத்தைச் செல் என்பார்கள், ஒட்சிசனை ஆக்ஸிஜன் என்பார்கள், முக்கோணியை முக்கோணம் என்பார்கள், அட்சரகணிதத்தை இயற்கணிதம் என்பார்கள், ஆர்முடுகலை முடுக்கம் என்பார்கள். இவற்றால் பெரிய கெடுதி இல்லை. சொல் வேறாக இருப்பதால் பிள்ளைக்கு வேறு என்று தெரிகிறது. கெடுதி செய்பவை, ஒரே சொல் இரண்டு கரையிலும் இரண்டு பொருளில் வழங்கும் இடங்கள்.

எங்கள் பாடநூலில் திணிவு ஒன்று, நிறை வேறொன்று. திணிவைக் கிலோகிராமில் அளக்கிறோம், நிறை என்பது புவியீர்ப்பு விசை, அதை நியூட்டனில் அளக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடத்தில் நாம் திணிவு என்பதுதான் நிறை, நாம் நிறை என்பது எடை. இப்போது பரீட்சை வினா: "2 கிலோகிராம் திணிவுள்ள பொருளின் நிறையைக் காண்க." புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் விடை 20 நியூட்டன். ஆறு மாதம் அந்த வீடியோக்களைப் பார்த்த பிள்ளை 2 கிலோகிராம் என்று எழுதிவிட்டு, "வினாவிலேயே விடை இருக்கிறதே" என்று யோசிக்கும்.

கதி, வேகம் இன்னும் மோசம். எங்களுக்குக் கதி திசையற்றது, வேகம் திசையுள்ளது. அங்கே திசையற்றது வேகம், திசையுள்ளது திசைவேகம். 400 மீற்றர் ஓடுபாதையை 80 செக்கனில் ஒரு முழுச் சுற்று ஓடி, தொடங்கிய இடத்திலேயே நின்றவரின் சராசரிக் கதி செக்கனுக்கு 5 மீற்றர். சராசரி வேகம் பூச்சியம், ஏனென்றால் இடப்பெயர்ச்சி பூச்சியம். "வேகம்" என்றால் 5 என்று பழகிய பிள்ளை தரம் 10 விஞ்ஞானத்தில் இந்த ஒரு சொல்லினாலேயே புள்ளிகளை இழக்கும். அமுக்கமும் அப்படித்தான். அவர்கள் அதை அழுத்தம் என்பார்கள், எங்களுக்கு அழுத்தம் மின் பாடத்தில் வருகிற சொல். சக்தியை ஆற்றல் என்பார்கள், வலுவைத் திறன் என்பார்கள்.

வீடியோவைத் தடைசெய்யச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறோம். முதலில் எங்கள் பாடநூலில் அந்த அலகை வாசித்து, வரைவிலக்கணத்தைப் பிள்ளை தன் கையால் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு வீடியோ. ஒரு ஏ4 தாளை நடுவே கோடு கீறி, இடப்பக்கம் "எங்கள் நூல்", வலப்பக்கம் "வீடியோ" என்று எழுதி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். வீடியோவில் புதிய சொல் கேட்டால் பிள்ளை நிறுத்திவிட்டு அதில் எழுத வேண்டும். அந்தத் தாள் நிறைய நிறையப் பிள்ளைக்கு இரண்டு தமிழும் பிடிபடும். இரண்டு தமிழும் எங்கள் தமிழ்தான், பரீட்சைத் தாள் ஒன்றில்தான் கேட்கிறது.

வீடியோவின் தெளிவையும் கவனியுங்கள். தரவைச் சேமிக்க 240 இல் வைத்தால் தமிழில் புள்ளி மறைந்துவிடும், "க்" எது "க" எது என்று தெரியாது, சமன்பாட்டில் வர்க்கத்துக்கான சிறிய 2 காணாமல் போகும். எழுத்துள்ள பாடத்துக்கு 480 வேண்டும். 720 க்கு மேல் தேவையே இல்லை, அதில் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல் போகும். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை முதல் நாளே அணையுங்கள்.

பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கையால் செய்துபார்ப்பது மேல். அந்த வகையில் பெட் (PhET) என்ற உருவகத் தொகுப்பை, அதாவது திரையில் இழுத்து மாற்றிச் செய்துபார்க்கும் பரிசோதனைகளை, முழு மனதோடு பரிந்துரைக்கிறோம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கியது, இலவசம், பல உருவகங்கள் தமிழிலும் உண்டு. எங்கள் மாவட்டங்களுக்கு இதில் உள்ள பெரிய வசதி, ஒவ்வோர் உருவகத்தையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையமே இல்லாமல் பிரௌசரில் திறக்கலாம். படுவான்கரையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் வீட்டுக்கும் ஒரு பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஓமின் விதி உருவகத்தைத் திறந்தால் 4.5 வோற்று, 500 ஓம், 9.0 மில்லியம்பியர் என்று தொடங்கும். உடனே இழுத்து விளையாட விடாமல், "தடையை இருமடங்காக்கினால் ஓட்டம் என்ன ஆகும்?" என்று கேட்டு, ஊகத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 1000 ஓமுக்கு இழுத்தால் 4.5 மில்லியம்பியர் வரும். சமன்பாட்டில் உள்ள எழுத்துகளே பெருத்தும் சிறுத்தும் காட்டும், அதைப் பார்த்த பிள்ளைக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அன்றைக்கே இரண்டு 1.5 வோற்றுப் பற்றரி, ஒரு ரோர்ச் பல்பு, இரண்டு துண்டு வயர் கொண்டு உண்மையாகவும் செய்யுங்கள். திரையில் உள்ள பற்றரி சூடாவதில்லை, அதன் வயர் கழன்று விழுவதுமில்லை. அவை இரண்டும் விஞ்ஞானந்தான்.

கேத்திரகணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள். 2001 இல் மார்க்கஸ் ஹோகன்வோட்டர் உருவாக்கியது, இதுவும் இலவசம். வட்டத்தில் ஒரு நாணை வரைந்து, அது பரிதியில் எதிரமைக்கும் கோணத்தை அளந்து, புள்ளியைப் பரிதி வழியே இழுத்தால் கோணம் மாறாமல் நிற்பதைப் பிள்ளை தன் கண்ணால் காணும். புள்ளி நாணைக் கடந்து மறுபக்கம் போனதும் கோணம் மாறி, இரண்டும் சேர்ந்து 180 பாகை ஆவதையும் காணும். ஆனால் பரீட்சையில் கவராயமும் அடிமட்டமும்தான் கையில் இருக்கும். திரையில் ஒன்று செய்தால் தாளில் இரண்டு செய்ய வேண்டும்.

சரி, கருவி. போனில் பாடநூல் வாசிப்பிக்காதீர்கள். ஆறரை அங்குலத் திரையில் பக்கத்தைப் பெருப்பித்தால் வரியின் முடிவு தெரியாது, சுருக்கினால் எழுத்துத் தெரியாது. பிள்ளை இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசித்து, என்ன வாசித்தோம் என்பதையே மறக்கும். டெப் என்றால் 10 அங்குலம், 4 ஜிபி ரெம், 64 ஜிபி கொள்ளளவு, மெமரி காட் போடும் இடம். இதற்குக் குறைந்தால் ஒரு வருடத்தில் திணறும். டெப்பை உங்கள் கூகுள் கணக்கில் திறந்து பிள்ளையிடம் கொடுப்பதுதான் வழமையான பிழை. பிள்ளைக்கென்று தனிக் கணக்கு திறந்து, உங்கள் போனில் பெமிலி லிங்க் போடுங்கள். நாளுக்கு எத்தனை மணித்தியாலம், எந்தச் செயலிக்கு அனுமதி, இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பவற்றை உங்கள் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். டெப்பைக் கொடுத்துப் பழகிய பிறகு இதைப் போட்டால் வீட்டில் அழுகைதான், முதல் நாளே போட்டுவிட்டுக் கொடுங்கள்.

தரம் 8 க்கு மேல் எங்கள் தெரிவு லெப்டொப். அலுவலகத்தில் பாவித்துக் கழித்த 14 அங்குல லெப்டொப் போதும், ஆனால் மூன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்தது. இன்டெல் ஐ5 என்பதற்குப் பின்னால் 7200 என்பதுபோல ஏழில் தொடங்கும் எண் இருந்தால் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 க்கு முறைப்படி ஏற்காது. 8250 என்பதுபோல எட்டில் தொடங்கினால் ஏற்கும். ஏழாம் தலைமுறை மிக மலிவாகக் கிடைத்தால் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், படிப்புக்கு அது தாராளம். அடுத்தது, சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், சுழலாத வேகமான எஸ்எஸ்டி மாற்றித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது பற்றரி: விண்டோஸின் பற்றரி அறிக்கையில் வடிவமைத்த கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். 48,000 க்கு 24,000 என்று இருந்தால் பாதி பற்றரிதான், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ரௌட்டருக்கான சின்னப் பற்றரிப் பெட்டி, அதாவது யூபிஎஸ், பற்றிக் கணக்கோடு சொல்கிறோம். 8,800 மில்லியம்பியர் மணி என்று பெட்டியில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோற்றுப் பற்றரிக்கான கணக்கு. பெருக்கினால் ஏறத்தாழ 32 வாற்று மணி. மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 27 அல்லது 28. ரௌட்டர் 8 வாற்று இழுத்தால் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். 2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது போல ஒரு நாள் வந்தால் இது தாங்காது. சாதாரண ஒன்றிரண்டு மணித்தியால வெட்டுக்குப் போதும். வாங்குமுன் ரௌட்டரின் அடப்டரைத் திருப்பி அதில் 9 வோற்றா 12 வோற்றா என்று வாசியுங்கள். 9 வோற்று ரௌட்டரை 12 இல் செருகினால் கருகலாம். ஊசியின் உள்விட்டமும் 2.1, 2.5 மில்லிமீற்றர் என இரண்டு உண்டு. பொருந்தாதது தொட்டும் தொடாமலும் நின்று, யாரும் மேசையை அசைத்தால் வகுப்பு அறுந்துபோகும். பைபர் இணைப்பில் சுவரில் ஒரு பெட்டியும் மேசையில் ஒரு ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இணையம் இல்லையே என்று தேட வேண்டாம்.

தகரக் கூரை 4ஜி சிக்னலை மறைக்கும். ரௌட்டரை அறையின் நடுவில் வைக்காமல் யன்னல் ஓரத்தில் வைத்து, நான்கு பக்க யன்னலிலும் ஒவ்வொரு நாள் பார்த்து நல்ல இடத்தைத் தெரியுங்கள். இடி மின்னல் நேரத்தில் கரண்ட் வயரை மட்டும் கழற்றினால் போதாது. தொலைபேசி வயரும் வெளி அன்ரெனா வயரும் மின்னலைக் கொண்டுவரும், அவற்றையும் கழற்றுங்கள். பெரிய கோப்புகளை நள்ளிரவுக்குப் பிந்தைய தரவில் இறக்குங்கள், பல வீட்டு இணைப்புகளில் அது தனியாகக் கிடைக்கும்.

சூம் வகுப்பு இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் நிற்கும். அதைக் குறையாக எடுக்க வேண்டாம், பிள்ளையின் கவனத்துக்கு அது சரியான அளவு. குறை வேறிடத்தில்: ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரிகிறது, கொப்பி தெரிவதில்லை. கணக்கில் பிள்ளை எந்த வரியில் சறுக்குகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதற்குச் செலவில்லாத ஏற்பாடு உண்டு. மேசையில் புத்தகங்களை ஒரு முழ உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு நீண்ட அடிமட்டத்தை வெளியே நீட்டி, அதன் பின்முனையில் பாரம் வைத்து, முன்முனையில் பழைய போனைக் கமரா கீழே பார்க்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். அந்தப் போனும் அதே வகுப்பில் இரண்டாவது ஆளாகச் சேரும். அதன் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைக்க மறந்தால் ஒரே எதிரொலியாகக் கேட்கும். வெளிச்சம் பிள்ளை எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தை மறைக்கும்.

தரம் 1, 2 பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. அவர்களுக்கும் தொழில்நுட்பம் உதவும், பிரிண்டர் வழியாக. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிடவும் அனுமதி உண்டு. முதல் நிலைக் கதையில் பக்கத்துக்குச் சில வரிகள்தான். நிறத்தில் அடித்து, நடுவில் ஊசியால் தைத்துக் கையில் கொடுங்கள். கதையில் வரும் இந்தியச் சொல்லுக்கு மேலே எங்கள் சொல்லைப் பென்சிலால் எழுதிவிடலாம். மேல் வகுப்புப் பிள்ளைகள் உள்ளூர் வரலாறு தேடும்போது, 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆவணப்படுத்திவரும் "நூலகம்" என்ற இணையத்தளத்துக்கு அனுப்புங்கள். மட்டக்களப்பைப் பற்றி அங்கே வாசிக்கக் கிடைப்பது வேறெங்கும் இலகுவில் கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளைக் கேட்கிறார்கள். சட்ஜிபிரியின் விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பாவிக்கக் கூடாது. பெற்றோர் பாவிக்கலாம்: "பின்னங்களைக் கூட்டும் பத்துக் கணக்குகள், பகுதிகள் வேறுபட்டவை" என்று கேட்டால் நொடியில் தரும். விடைகளை நீங்களே செய்துபார்க்காமல் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம், நம்பிக்கையான குரலிலேயே பிழையும் சொல்லும். விஞ்ஞான விளக்கம் கேட்டால் திணிவு நிறையாகி, நிறை எடையாகி வரக்கூடும். சுவரில் ஒட்டிய தாளோடு ஒப்பிட்ட பிறகே கொடுங்கள்.

கடைசியாக, வாங்கியதைக் காப்பாற்றுவது. கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் போலக் கடலோடு ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று சார்ஜ் துளையின் செம்புத் தகடுகளைப் பச்சையாக்கும். முதலில் சார்ஜ் மெதுவாக ஏறும், பிறகு வயரை ஒரு பக்கம் சரித்தால்தான் ஏறும், பிறகு ஏறவே ஏறாது. சரிக்கத் தொடங்கும் கட்டத்திலேயே அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் துளையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். ஊசி, குண்டூசி போட்டுச் சுரண்டாதீர்கள். பாவிக்காத நேரம் துளைக்கு ரப்பர் மூடி போட்டு, டெப்பை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சின்னப் பொட்டலங்களே போதும்.